பதினேழாம் நம்பர் பாத்தி

முப்பத்தொரு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே பிழைத்த மனிதரைப் பிடித்து, போதும், இனி வீட்டில் உட்காருங்கள் என்றால் எப்படி உட்காருவார்? கண்டக்டர் முதல் வாரம் உட்கார்ந்து பார்த்தார். இரண்டாம் வாரம் எழுந்துவிட்டார். அவர் எழுந்த நாளிலிருந்து வீட்டில் மற்றவர்களால் உட்கார முடியவில்லை.

வீட்டின் முன்னறையில் அவர் மனைவி தையல் கடை வைத்திருந்தார். தெருவுக்கே அவர் தையலம்மா. ஒரு மெஷின், ஒரு இஸ்திரி மேசை, ஜன்னல் விளிம்பில் நூல்கண்டு டப்பாக்கள், அளவு கொடுக்க வருகிறவர்களுக்கு ஓர் ஆளுயரக் கண்ணாடி. நாலு பேர் வந்தால் ஐந்தாமவர் வெளியில் நிற்க வேண்டிய அறை அது. அதன் வாசலில் போய் நின்றுகொண்டு கண்டக்டர், "படியில நிக்காதீங்கம்மா, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு" என்பார். நடுவில் தையலம்மாதான் இருப்பார், வாயில் குண்டூசியோடு. ஒரு நாள் மூன்று டப்பாவில் இருந்த பொத்தான்களை ஒரே டப்பாவில் அடைத்துவிட்டு, எல்லாம் அடங்கிவிட்டது என்று பெருமையோடு காட்டினார். மறுநாள் அந்த மூடியைத் திறக்க இரண்டு வீடு தள்ளியிருக்கிற தச்சரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள்; பஸ் பழக்கம் அதற்கும் ஒரு ஸ்டாப் தள்ளிப் போகும். ரயிலடியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரை போகிற பதினேழாம் நம்பர் வண்டி அவருடையது. இருபத்தாறு ஸ்டாப். உட்கார ஐம்பத்திரண்டு பேருக்கு இடம். காலை வேளையில் தொண்ணூறு பேருக்குக் குறைந்து அந்த வண்டி போனதாகச் சரித்திரமே கிடையாது. கூடையோடு வந்தாலும், குழந்தையோடு வந்தாலும், ஆறடி ஏணியோடு வந்தாலும், "உள்ள போ, உள்ள போ" என்று ஏற்றிக்கொள்வார். ஜனங்கள் அவருக்கு 'உள்ளபோ' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு கால் வைக்க இடமிருந்தால் அது இடம்தான், இன்னொரு காலை ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்டவர் தம் சர்வீஸில் ஒரே ஒருத்தியைத்தான் ஏற்றாமல் விட்டுவிட்டுப் போனார். கடைசியில் அவளையே கட்டிக்கொண்டார்.

வேலைக்குச் சேர்ந்த பதினோராம் நாள் அது. கோர்ட்டு ஸ்டாப்பில் கையில் ஃபைலோடு ஒரு பெண் ஓடி வந்தாள். துணித் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு அன்று இன்டர்வியூ. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். வண்டி போயிற்று, அவள் வேலையும் போயிற்று. மறுநாள் அதே வண்டியில் ஏறி, கோர்ட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அவரை அவள் வறுத்து எடுத்ததில் டிரைவரே இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் தினமும் அதே வண்டி. எட்டாம் மாதம் கல்யாணம். கிடைக்காத வேலைக்குப் பதிலாக அவள் ஒரு பழைய மெஷினை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அதுதான் இன்றைய தையல் கடை.

இருந்தாலும் வீட்டில் சின்னதாக ஓர் உரசல் வந்தால் போதும். "விட்டுட்டுப் போனவர்தானே நீங்க" என்பார் தையலம்மா, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. "நான் என்ன பண்றது, அன்னிக்கு ஈ எறும்பு நுழைய இடமில்ல" என்பார் கண்டக்டர். முப்பது வருஷமாக இதே பதில். தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால். தையலம்மாவும் அதற்கு மேல் ஒன்றும் பேசமாட்டார்.

பொத்தான் டப்பா விவகாரம் நடந்த மறுநாள், தையலம்மா ஒரு பிடி கொத்தமல்லி விதையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

"என்னது இது?"

"வெளியில கொண்டுபோய்ப் போட்டு வளருங்க. முளைக்கிற வரைக்கும் உள்ள வராதீங்க."

வீட்டை ஒட்டி, காம்பவுண்டுக்கு உள்ளேயே, பதினாறடி நீளத்தில் பதினோரடி அகலத்தில் ஒரு துண்டு மண் சும்மா கிடந்தது. உடைந்த வாளி, பழைய ஜன்னல் கம்பி, நாலு செங்கல். கண்டக்டர் ஒரு மூலையைக் கொத்தி, விதையை இரண்டாக உடைத்துத் தூவி, தண்ணீர் தெளித்தார். ஒன்பதாம் நாள் மண்ணைக் கீறிக்கொண்டு பச்சையாக ஏதோ தலை நீட்டியது. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தையலம்மா அந்த முகத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தார். மகள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த அதே முகம். பாவம், மனுஷன் பிழைத்துக்கொண்டார் என்று அவருக்கு நிம்மதியாக இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். விட்டால் அவர் உள்ளபோ இல்லையே. மறுநாள் காலையிலேயே கடைவீதிக்குப் பின்னால் இருக்கிற நர்சரிக்குப் போய் நின்றார். நர்சரி நடத்துகிற அம்மா கறாரான பேர்வழி. செடியைத் தொட்டால் கையைத் தட்டிவிடுகிற ரகம்.

"வாசனைச் செடியா வேணும். எல்லா ரகமும்," என்றார் கண்டக்டர்.

புதினா, ஓமவல்லி, எலுமிச்சைப்புல், திருநீற்றுப்பச்சிலை, சோம்பு, பார்ஸ்லி, தைம், ரோஸ்மேரி என்று அந்த அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கண்டக்டர் ஐம்பத்திரண்டு பைகளை எண்ணி எடுத்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு ஏன் என்று கேட்கவே வேண்டாம்.

"ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு அடியாவது விடுங்க சார். எலுமிச்சைப்புல்லுக்கு மூணு அடி."

"ஒரு அடியில நாலு பேரைக் கொண்டுபோயிருக்கேன்மா நான்."

"உங்க இஷ்டம்," என்றார் அந்த அம்மா.

ஐம்பத்திரண்டும் உட்கார்ந்து போகிறவர்களுக்குச் சரியாகப் போயிற்று. நின்றுகொண்டு போகிறவர்கள்? அடுத்த வாரம் இன்னொரு நடை. அதற்கடுத்த வாரம் இன்னொரு நடை. புதினாவைக் கிள்ளிக் கிள்ளி அவரே நட்டது வேறு. ஒரு மாதத்துக்குள் இருநூறு செடி ஏறிவிட்டது. குட்டையானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால், நோஞ்சான் கன்றுகளுக்குக் குழாய்க்குப் பக்கத்தில் முன் சீட்டு. நடுவே போக வர ஒரு வழி விட்டிருந்தார். அதில் அவரே பக்கவாட்டில்தான் போக முடியும். தண்ணீர் ஊற்றுவதும் அதே ஒழுங்கில்தான். காலையில் ஆளுக்கு ஒரு குவளை, மாலையில் ஆளுக்கு ஒரு குவளை. ரோஸ்மேரிக்கும் ஒரு குவளை, புதினாவுக்கும் ஒரு குவளை. ஏன் இப்படி என்று மகள் கேட்டதற்கு, "எல்லாருக்கும் ஒரே டிக்கெட்" என்றார். காலை அகட்டி வைத்து, கொஞ்சமாக ஆடிக்கொண்டே அவர் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தால் பூமியே பள்ளம் மேட்டில் ஓடுகிற மாதிரி இருக்கும்.

மகள் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ். வேளை கெட்ட வேளையில் டியூட்டி. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"அப்பா, எங்க சிஸ்டர் ஒருத்தங்க மாத்தலாகிப் போறாங்க. அவங்க காரை எனக்குக் குடுக்கறாங்க. மூணு மாசத்துல கைக்கு வந்துடும்."

"நல்லதாப் போச்சு," என்றார் கண்டக்டர். "எங்க நிறுத்துவே?"

தாயும் மகளும் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். தெருவில் நிறுத்த முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். பால் வேனும் குப்பை வண்டியும் உரசிப் போகிற சந்து அது. அங்கே நின்ற எந்தக் காருக்கும் இரண்டு பக்கக் கண்ணாடியும் முழுசாக இருந்ததில்லை.

"சிமெண்ட் போட்டுடலாம்," என்றார் தையலம்மா.

கண்டக்டர் முகத்தில் ஈயாடவில்லை. "அங்க இருநூறு பேர் இருக்காங்க," என்றார்.

மகளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். தையலம்மா சிரிக்கவில்லை. துணி வெட்டுவதற்கு முன்னால் சாக்கட்டியால் கோடு போடுகிற மாதிரி ஒரு கோடு போட்டார்.

"சரி, மூணு மாசம் டயம் இருக்கு. கார் வர்ற அன்னிக்கு அது தோட்டமா இருந்தா இருக்கட்டும், கார் தெருவிலயே நிக்கட்டும். காடா இருந்தா சிமெண்ட். அதுவரைக்கும் சமையலுக்கு ஒரு இலைகூட கடையில வாங்கமாட்டேன். எல்லாம் உங்க தோட்டத்துலேர்ந்துதான் வரணும்."

"வரும்," என்றார் கண்டக்டர்.

சொல்லிவிட்டாரே தவிர, சிமெண்ட் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மறுபடி சுவர்க் கடிகாரத்துக்கு எதிரில் இருக்கிற நாற்காலி. மறுபடி இந்த வேளைக்கு வண்டி எந்த ஸ்டாப்பில் இருக்கும் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பது. ஓய்வு பெற்ற அன்று டிப்போவில் மாலை போட்டார்கள், கை கொடுத்தார்கள், பையையும் விசிலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் அவரை எதிர்பார்த்துக் காலையில் காத்திருந்தது இந்த இருநூறும்தான். இதுவும் போனால் அவர் யாருக்கும் வேண்டாதவர்.

ஆகவே இன்னும் அதிகமாகத் தண்ணீர் ஊற்றினார். ஆளுக்கு இரண்டு குவளை. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று பள்ளிக்கூடத்தில் எழுதியிருப்பார்; எழுதியது வேறு, செய்வது வேறு. இரண்டாம் மாதம் ரோஸ்மேரிகள் அடித்தண்டு கறுத்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தைம் பூஞ்சணம் பிடித்து நசிந்தது. கொத்தமல்லி வெளிச்சத்துக்கு எக்கி எக்கி நூல் மாதிரி நீண்டு மஞ்சளாயிற்று. சோம்பு தன்னைச் சுற்றி இருந்தவர்களையெல்லாம் ஒடுக்கிவிட்டுத் தான் மட்டும் நிமிர்ந்து நின்றது. பிழைத்தது யார் என்றால் புதினா. ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதைதான். மண்ணுக்கு அடியில் வேரை ஓடவிட்டு, இரண்டு அடி தள்ளிப் போய்த் தலையைத் தூக்கி, அங்கிருந்து இன்னும் இரண்டு அடி. வழி என்று விட்டிருந்த வழியையும் அது மூடிவிட்டது.

தையலம்மா சொன்ன சொல் மாறாதவர். தோட்டத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் சமையலில். புதினா டீ, புதினா சூப், புதினா போட்ட முட்டை, புதினா போட்ட மீன், ரொட்டிக்கு நடுவே புதினா.

"ஆஸ்பத்திரியில எல்லாரும் நான் டியூட்டில சூயிங்கம் மெல்றேன்னு நினைக்கறாங்கப்பா," என்றாள் மகள்.

"உடம்புக்கு நல்லதும்மா," என்றார் கண்டக்டர், தலையைத் தூக்காமல்.

அதற்கடுத்து அவர் செய்த காரியம் இருக்கிறதே, அதை நினைத்தால் தையலம்மாவுக்கு இன்றைக்கும் தையல் கோணும். ஒரு காலையில் பாத்தியின் முன் வரிசையில் கொத்தமல்லி தளதளவென்று நின்றது. நேற்றுவரை மஞ்சள் நூலாக இருந்த இடம். தையலம்மா ஒன்றும் சொல்லாமல் போய், ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார். வேரோடு வந்தது. வேருக்கு மேலே சிவப்பு ரப்பர் பேண்டும் வந்தது.

"ஏங்க."

"என்ன?"

"கொத்தமல்லி இப்பல்லாம் ரப்பர் பேண்டோடயே முளைக்குதா?"

கடையிலிருந்து வாங்கிவந்து விடிவதற்குள் ஊன்றிவைத்த மனிதர் குழாயைத் திறந்து கையைக் கழுவ ஆரம்பித்தார். வெகு நேரம் கழுவினார். அன்று தையலம்மா அவரை அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்யாததுதான் கண்டக்டருக்கு உறுத்தியது. தையலம்மா கிண்டலை நிறுத்தினால் மனசு கஷ்டப்படுகிறார் என்று அர்த்தம்.

அன்று மத்தியானமே நர்சரிக்குப் போய், "ஒரு தடவை வந்து பாருங்கம்மா" என்று கூப்பிட்டார். அந்த அம்மா வந்தார். காம்பவுண்டுக் கதவைத் திறந்தவர் ஓர் அடி வைத்துவிட்டு நின்றார். அடுத்த அடி வைக்க இடமில்லை.

"நீங்கதானா அது," என்றார். "பதினேழாம் நம்பர். எட்டு வருஷம் உங்க வண்டியில ஒத்தக் கால்ல நின்னு போயிருக்கேன் சார் நான். செடியையும் அப்படியே ஏத்தி வச்சிருக்கீங்க."

"எல்லாத்தையும் நல்லாத்தான் பாத்துக்கறேன். ஏன் இப்படி ஆகுதுன்னு தெரியல."

"இறக்கி விடுங்க."

"யாரை?"

"முக்கால்வாசிப் பேரை. புதினாவைத் தனியா டப்பாவில வைங்க, அது யாரோடயும் ஒத்துப்போகாது. சோம்பு ஒரு ஓரமாப் போகட்டும். தைமுக்கும் ரோஸ்மேரிக்கும் மண் காய்ஞ்ச அப்புறம்தான் தண்ணி. எல்லாருக்கும் ஒரே டிக்கெட் இங்க நடக்காது."

"ஏத்தினவங்களை எப்படிம்மா பாதி வழியில இறக்கறது?"

நர்சரியம்மா கறாரான ஆள்தான். ஆனால் கண்டக்டர் கேட்ட விதத்தில் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டார்.

"சார், உங்க வண்டியில ஏறினவங்க எல்லாம் இறங்கினாங்க. கோர்ட்டுல பத்து பேர், மார்க்கெட்டுல இருபது பேர். அதனாலதான் அடுத்தவங்களுக்கு இடம் கிடைச்சது. செடிக்கு ஸ்டாப் கிடையாது. ஏறினது இறங்காது, நின்ன இடத்துலயே பெருசாகும். நீங்கதான் இறக்கி விடணும்."

கண்டக்டர் மூன்று நாள் ஒன்றும் செய்யவில்லை. பாத்திக்கு முன்னால் நின்றார், வந்தார், நின்றார், வந்தார். நாலாம் நாள் சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்கினார். கார் வர இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது. புதினாவை வேரோடு கெல்லி எடுத்தார். கெல்லக் கெல்ல வந்துகொண்டே இருந்தது. செத்ததை உரக்குழியில் போட்டார். உயிரோடு இருந்த ஒன்றைக்கூடத் தூக்கி எறிய அவருக்கு மனசு வரவில்லை. தெருவில் வீடு வீடாகப் போய்ப் பழைய பால்மாவு டப்பா, பெயிண்ட் டப்பா எல்லாம் வாங்கி வந்து, அடியில் ஆணியால் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒன்றை ஏற்றினார். கடைசி நாளில் சுவர் ஓரத்து உடைந்த வாளியைத் தள்ளியபோது, அதற்குப் பின்னால் ஒரு ரோஸ்மேரி நின்றது. பாத்தியில் இடமில்லாமல் வெளியே வைத்து, அப்படியே மறந்துபோன பை. ஒரு குவளைத் தண்ணீர்கூடக் கிடைக்காத அந்த ஒன்றுதான் கிண்ணென்று வளர்ந்து நின்றது. மற்ற பதினொன்றும் அவர் கவனிப்பிலேயே செத்துப் போயிருந்தன. அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

கார் வருகிற நாள் காலை, டப்பாக்களை இரண்டு மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு தெருமுனை ஸ்டாப்புக்குப் போனார். பெட்டிக்குப் பதினைந்து. அவருடைய பழைய ரூட்டில் ஸ்டாப் ஸ்டாப்பாக இறங்கி, தெரிந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு. எட்டேகாலுக்குப் பதினேழாம் நம்பர் வந்தது. புதிய கண்டக்டர், நல்ல வாட்டசாட்டமான பையன், பெட்டியைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தான்.

"பெரியவரே, இடமில்ல. அடுத்த வண்டியில வாங்க."

நம் கண்டக்டர் ஜன்னல் வழியாக ஒரே ஒரு பார்வை பார்த்தார். படியில்தான் நெரிசல். நடுவில் ஆறு பேர் தாராளமாக நிற்கலாம். அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் விசில் ஊதியாகிவிட்டது. வண்டி நகர்ந்தது. முப்பத்தொரு வருஷம் அந்த வண்டிக்குள் இருந்தவர், அது விட்டுவிட்டுப் போகிறபோது பின்பக்கம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தார். புகை படிந்த கண்ணாடி. அதற்குப் பின்னால் யாரோ ஒருவர், இவரைப் பார்த்தும் பாராத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவருக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டது. கோபம் இல்லை, வெட்கம். ஸ்டாப்பில் நின்ற மற்ற இரண்டு பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம். தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும் என்பது எவ்வளவு உண்மை. கோர்ட்டு ஸ்டாப்பில், கையில் ஃபைலோடு, மூச்சிரைக்க நின்றவளையும் அன்றைக்கு நாலு பேர் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்கள் என்று நினைத்தார். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவருக்கு அது தோன்றியதில்லை.

பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. நீல நிறக் கார். உள்ளே மகள், ராத்திரி டியூட்டி முடித்த கண்களோடு, சாவியை வாங்கிய சிரிப்போடு.

"என்னப்பா, ஏத்தாம விட்டுட்டுப் போயிட்டாங்களா?"

"இடமில்லையாம்," என்றார்.

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்ய வந்தவள் செய்யவில்லை. இறங்கி வந்து பின் கதவைத் திறந்துவிட்டாள். அவ்வளவுதான், கண்டக்டருக்கு உயிர் வந்துவிட்டது. இரண்டு பெட்டியையும் ஏற்றினார். நிதானமாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு பெட்டி ஏறும். வீட்ல இருக்கு."

"அப்பா, இது கார்."

"தெரியும்மா. சீட்டுக்கு அடியில சும்மாத்தானே கிடக்கு."

அந்தக் கார் இந்த வீட்டுக்காக ஓடிய முதல் ஓட்டம் அறுபது டப்பா புதினாவும் ஓமவல்லியும் எலுமிச்சைப்புல்லுமாகத்தான் ஓடியது. கண்டக்டர் முன் சீட்டில் மடியில் நாலு டப்பாவோடு, "மார்க்கெட், மார்க்கெட் இறங்கு" என்று ஒவ்வொரு ஸ்டாப்பையும் சொல்லிக்கொண்டே வந்தார். டீக்கடைக்காரர், முடிதிருத்துகிறவர், பள்ளிக்கூட வாட்ச்மேன், கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கிற அம்மா. காரிலிருந்து அவர் தலை தெரிந்ததும், "அட, உள்ளபோ" என்று எழுந்து வந்தார்கள். மகளுக்கு அப்பாவின் பட்டப்பெயர் அன்றுதான் தெரியும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு டப்பாவைக் கொடுத்து, "இது தனியாத்தான் இருக்கணும், கூட யாரையும் ஏத்திடாதீங்க" என்று அவர் சொன்னதைக் கேட்டு டைப் அடிக்கிற அம்மா, "நீங்களா சொல்றீங்க" என்று சிரித்தார். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் கடைசி டப்பாவும் இறங்கியது. திரும்பி வருகிறபோது கார் காலியாக இருந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது என்பது அவருக்கே ஆச்சரியம்.

வீட்டு வாசலில் தையலம்மா கழுத்தில் அளவு நாடாவோடு காத்திருந்தார். மகள் காரைத் தெரு ஓரமாக நிறுத்தப் போனாள்.

"அங்க இல்லம்மா, உள்ள வா," என்று கண்டக்டர் கேட்டை விரியத் திறந்தார்.

இத்தனை நாளும் டப்பாக்கள் அடைத்துக்கொண்டிருந்த இடத்தை அப்போதுதான் மகள் முழுசாகப் பார்த்தாள். பதினோரடி அகலத்தில் எட்டடி வெறும் தரை, செங்கல் தூளும் மண்ணும் போட்டு இடித்துச் சமன் செய்தது. மீதி மூன்றடி, பதினாறடி நீளத்துக்குச் சுவரை ஒட்டிப் பாத்தி. ஒவ்வொரு செடிக்கும் நடுவே கை வீசி நடக்கலாம் போல இடைவெளி. ஒரு வண்டிக்கு எவ்வளவு இடம் வேண்டும், கதவைத் திறந்து இறங்க எவ்வளவு வேண்டும் என்று அவருக்கா தெரியாது? "வா, வா, ரைட்டுல ஒடி, வா... போதும்" என்று கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார். மகள் கதவைத் திறந்தாள். எலுமிச்சைப்புல்லின் நுனிகூட அசையவில்லை.

தையலம்மா பாத்தியை முனையிலிருந்து முனைவரை நடந்து பார்த்தார். திருநீற்றுப்பச்சிலை கண்ணாடி மாதிரி மினுங்கியது. பார்ஸ்லி சுருட்டைத் தலையோடு நின்றது. தைம் பிழைத்தது இரண்டே இரண்டு. புதினா தனி டப்பாவில், சிறை வைத்தது போல. புதிதாக விதைத்த கொத்தமல்லி விரற்கடை உயரத்தில். அவர் குனிந்து கொத்தமல்லியின் அடியைத் தடவினார்.

"என்ன பாக்கறே?"

"ரப்பர் பேண்ட் இருக்கான்னு."

மகள் கார் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தாள். தையலம்மா நிமிர்ந்து, சிமெண்ட்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிடு என்று அவளிடம் சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய் மெஷினில் உட்கார்ந்தார். தோட்டம் பிழைத்துவிட்டது. கண்டக்டர் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு, சுவர் ஓரத்தில் இருந்த அந்த ரோஸ்மேரியை எடுத்துக்கொண்டார். அதை மட்டும் ஒரு மண்தொட்டியில் மாற்றி வைத்திருந்தார். கொண்டுபோய் மெஷின் பக்கத்தில் நின்றார்.

"இது உனக்கு. ஜன்னல்ல வெயில் நல்லா விழுது. தண்ணி அதிகம் கேக்காது."

"எனக்கு எதுக்கு?"

அவர் தொட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அப்புறம் சொன்னார்.

"அன்னிக்கு வண்டியில இடம் இருந்துச்சு."

மெஷின் நின்றது.

"பின் படியில ஒரு ஆள் நிக்கலாம். டிரைவர் லேட்டு லேட்டுன்னு கத்திட்டிருந்தாரு. அடுத்த ஸ்டாப்புல செக்கர் நிக்கறார்னு சொன்னாங்க. வேலைக்குச் சேந்து பதினோரு நாள்தான். பயத்துல ஊதிட்டேன். அப்புறம் உன் முகத்தைப் பாத்து இடமில்லன்னு சொன்னவன், சொல்லிக்கிட்டே இருந்துட்டேன்."

"தெரியும்," என்றார் தையலம்மா.

"தெரியுமா?"

"இடமில்லாத வண்டிக்கு யாராவது அப்படி ஓடி வருவாங்களா? பின் படி காலியா இருந்ததைப் பாத்துட்டுத்தானே ஓடி வந்தேன்."

முப்பது வருஷம் ஒரு மனுஷி, தெரிந்துகொண்டே, இவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார். கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. தொட்டியோடு அப்படியே நின்றார்.

தையலம்மா எழுந்து, ஜன்னல் விளிம்பில் வரிசையாக இருந்த நூல்கண்டு டப்பாக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி ஒரு பக்கமாகச் சேர்த்தார்.

"வைங்க," என்றார். "இடம் இருக்கு."